கடலுக்கு முதுகு காட்டும் இருக்கைகள்

மெர்லிமாவிலிருந்து தஞ்சோங் லாலாவுக்கு வரும் பேருந்து, கடைசி வளைவில் திரும்பியதும் கடலை ஒட்டியே ஓடும். அந்த வளைவு வருவதற்கு முன்பே இந்திராதேவி இடம் மாறி உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடைகள். அவர் எப்போதும் கடைகளின் பக்கம்தான். அங்கே இடம் கிடைக்காத நாளில், மடியிலிருக்கும் பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்குவார். கடல் மறைந்து சந்தை வந்ததும் தேடல் நின்றுவிடும். ஆண்டுக்கணக்காக அம்மா அந்தப் பையில் தேடியது எதுவும் கிடைத்ததில்லை என்பது மகள் தேவமலருக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கேட்டதில்லை.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? காரணம் இருவருக்கும் தெரிந்ததுதான்.

தேவமலரின் அப்பா காளிதாஸ் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். வாரம் முழுவதும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையே ஓடிக் களைத்தவர், ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு தஞ்சோங் லாலா கடற்கரைக்கு வந்துவிடுவார். அங்கே உடைந்த சிமெண்டு முக்காலிகளும், முழங்கால் உயரப் புல்லும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும்தான் இருந்தன. அவருக்கு அது போதும். நீரிணையில் தொலைதூரத்தில் ஊர்ந்து போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தா போவுது பாரு, அது சிங்கப்பூருக்குப் போவுது. உள்ள முழுக்க வெங்காயம்," என்பார். எந்தக் கப்பலைக் காட்டிக் கேட்டாலும் வெங்காயம்தான். "எண்ணெய்க் கப்பலுங்க அது," என்று இந்திராதேவி திருத்துவார். "எண்ணெய் மேல, வெங்காயம் கீழ," என்று சிறிதும் அசராமல் பதில் வரும்.

அவர் மாரடைப்பில் இறந்தபோது, அஸ்தியையும் அதே கரையில்தான் கரைத்தார்கள். முக்காலிகளுக்கு அப்பால் கடலுக்குள் இறங்கும் பழைய சிமெண்டுப் படிக்கட்டு ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் தங்கள் மனிதர்களை வழியனுப்பி வைப்பது அங்கேதான். தேவமலரின் சித்தப்பா மகன் விமலன் தண்ணீரில் இறங்கிக் கரைத்துவிட்டு வந்தான். காரியம் செய்துவைத்த பண்டாரம், "ஆச்சு. எல்லாரும் திரும்பிப் பாக்காம நடங்க," என்றார்.

எல்லாரும் அப்படியே நடந்தார்கள். அடுத்த வாரமே அவர்களில் பாதிப்பேர் அதே கரையில் நின்று மீன் வாங்கினார்கள். பண்டாரத்தின் சொல் அந்த ஒரு காலைப்பொழுதுக்குரியது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்திராதேவி மட்டும் அன்று திரும்பிய முதுகைத் திருப்பியபடியே வைத்துக்கொண்டார்.

தேவமலர் நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவில் உதவியாளராக இருக்கிறாள். தஞ்சோங் லாலா கடற்கரையைச் சீரமைக்கும் பணி அலுவலகத்துக்கு வந்தபோது, பெரியவர்கள் எல்லாரும் பெரிய ஊர்களின் பெரிய வேலைகளில் மூழ்கியிருந்தார்கள். இந்தச் சிறிய கரையை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்த நொடியில், கூட்டங்களில் வாய் திறந்தே பழகாத தேவமலர் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கை தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஒரு கணம் ஐயம் வந்தது.

அவள் வரைந்த திட்டம் எளிமையானது. புல்தரை, சவுக்கு மரங்களுக்கு இடையே நடைபாதை, மிதமான விளக்குகள். ஆபத்து என்று சொல்லிப் படிக்கட்டை வேலியிட்டு அடைக்க நினைத்தவர்களிடம், மிகவும் பணிவாக, ஆனால் விடாமல் பேசி அதைத் திறந்தே வைக்கச் செய்தாள். கரைத்துவிட்டு வருபவர்கள் கால் கழுவ ஒரு குழாயும் போட வைத்தாள். அந்தப் படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி ஊஞ்சல்கள். ஊஞ்சல்களுக்கும் அலைத் தடுப்புச் சுவருக்கும் இடையே, கடலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கைகள்.

அந்த இருக்கைகளில் ஒன்றில் என்றாவது அம்மா வந்து உட்காருவார் என்பதே அவளுடைய ஆசை. ஆனால் அதை அவள் திட்டத்தில் எழுதவில்லை. எந்தத் திட்டத்தில்தான் அதை எழுத முடியும்?

கரை திறந்துவிடப்பட்டதும் மக்கள் வந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் சீன முதியவர்கள் சிறிய வானொலிப் பெட்டியில் இசையை ஒலிக்கவிட்டுக் கைகளை வீசி நடந்தார்கள். மாலையில் மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்து அமர்ந்தன. பக்கத்துக் கிராமமான கம்பத்துப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு வரிசை பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களும் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் வந்து இறங்கின. ஆனால் சாலையைத் தாண்டவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், லோங்காங் எனப்படும் சாக்கடைக் கால்வாயின் ஓரத்துக் குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிப் போய்விட்டன.

"உங்கள் மக்கள் ஏன் சாலையைக் கடந்து வருவதே இல்லை?" என்று மேலதிகாரியான அம்மையார் ஒருநாள் மலாயில் கேட்டார். குறை சொல்லும் குரலில் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். வீட்டிலிருக்கும் அம்மாவையே வரவழைக்க முடியாதவள், ஊருக்காக என்ன பதில் சொல்வாள்? அதுவரை அவள் அழைத்தபோதெல்லாம் அம்மாவுக்குத் துணி மடிக்க வேண்டியிருந்தது, தலை வலித்தது, தாம் சமைக்கும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு மறுநாள் வெங்காயம் நறுக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளே லோங்காங் ஓரத்துக்குப் போனாள். அவளுடைய பள்ளித்தோழி ஷாந்தினி, கணவன் யுகேந்திரனோடும் சிறுமகள் தேவிஸ்ரீயோடும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் மலரு! வா, உக்காரு. கச்சான் சாப்புடு," என்று ஷாந்தினி பொட்டலத்தை நீட்டினாள்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது பெஞ்சு போட்டிருக்கு. நீங்க லோங்காங் மேல உக்காந்து கச்சான் திங்கிறீங்க."

"இங்க காத்து நல்லா வருது லா," என்றான் யுகேந்திரன்.

"அங்க இன்னும் நல்லா வரும்ண்ணே."

"அது வேற காத்து."

ஷாந்தினி அவன் தொடையில் ஓர் அடி வைத்தாள். தேவமலர் தோழியின் பக்கம் திரும்பினாள். "நெசமா சொல்லு ஷாந்தினி. ஏன் யாரும் வர மாட்டேங்கிறீங்க?"

"சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"அது காரியம் பண்ற எடம் மலரு. எங்க மாமனார அங்கதான் கரைச்சோம். அவருக்கு முன்னால இவரு தாத்தாவையும் அங்கதான். காலையில ஒரு குடும்பம் அழுதுட்டுப் போவும், சாயங்காலம் நான் போயி எம்மவள ஊஞ்சல்ல வச்சு ஆட்டவா? இவ்ளோ நீளமா கடக்கர கெடக்கு. அதெல்லாம் விட்டுட்டு அங்க கொண்டு போயி ஊஞ்சல் போட்டிருக்கான். இந்த பிளான் போட்டவன் மட்டும் என் கையில கெடைச்சான்னு வை, நல்லா நாலு கேள்வி கேப்பேன்."

"நான்தான் போட்டேன்," என்றாள் தேவமலர்.

யுகேந்திரன் வானத்தில் மேகம் ஏதும் இருக்கிறதா என்று மிகக் கவனமாக ஆராயத் தொடங்கினான்.

"நீயா?" ஷாந்தினியின் குரல் இறங்கிவிட்டது. "உனக்குத் தெரியாதா என்ன? உங்கப்பாவையும் அங்கதானே..."

"அதனாலதான் போட்டேன்." தேவமலர் கையிலிருந்த கச்சான் தோலைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா அங்க தனியா இருக்காரு. புள்ளைங்க சத்தம் கேட்டா அவருக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

ஊராருக்கு அது காரியம் செய்யும் படித்துறையாக இருந்தது. அவள் ஒருத்திக்கு மட்டும் அது அப்பாவின் இருப்பிடமாக இருந்தது. வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் இந்த வேறுபாடு அவள் கண்ணில் படவே இல்லை.

"லூசு," என்று மெல்லச் சொன்ன ஷாந்தினி, தோழியின் தோளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த அக்காலாம் வெளையாடுது. நானும் போறேன்," என்று தேவிஸ்ரீ சிணுங்கினாள்.

"போனாலும் அங்க உக்கார முடியாது லா," என்று யுகேந்திரன், நிலைமையை இலேசாக்கும் நல்லெண்ணத்தோடு பேச்சில் கலந்துகொண்டான். "பெஞ்சு கடலப் பாத்துக்கிட்டு இருக்கு. ஊஞ்சல் முதுகுக்குப் பின்னால. புள்ள விழுந்தா கடல்தான் பாத்துட்டு வந்து நம்மகிட்ட சொல்லணும்."

"அது மட்டுமா?" என்றாள் ஷாந்தினி. "திரும்பிப் பாக்காம போன்னு சொல்லி அனுப்பின எடம். அதையே வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு உக்காருன்னா, எப்படி மலரு மனசு வரும்?"

தேவமலருக்கு அம்மாவின் பை நினைவுக்கு வந்தது. அதற்குள் நுழைந்து, எதையும் எடுக்காமல் துழாவிக்கொண்டே இருக்கும் விரல்கள் நினைவுக்கு வந்தன. அவளுடைய இருக்கைகள் அம்மாவை அழைக்கவில்லை. அம்மாவால் செய்ய முடியாத ஒன்றைச் செய் என்று அவை கட்டளையிட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் அலுவலகத்தில், இரண்டு இருக்கைகளைக் கழற்றிக் கடலுக்கு முதுகு காட்டும்படி, ஊஞ்சலைப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். மேலதிகாரி மட்டும் சிரித்து முடித்துவிட்டு யோசித்தார். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காரலாம் என்று அவள் சொன்ன காரணம் அவருக்குச் சரியாகத்தான் பட்டது. மற்றொரு காரணத்தை அவள் சொல்லவில்லை. இரண்டே இரண்டை மட்டும் திருப்பிப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

திருகாணிகளைக் கழற்ற வந்த தொழிலாளி வேலையை முடித்துவிட்டு, "தங்காச்சி, எதுக்கும் ஒரு வாட்டி கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க லா," என்றார். தேவமலரும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் மீன் கடைகளில் அதுதான் பேச்சு.

சனிக்கிழமை மாலை அவள் சமையற்கட்டின் வாசலில் போய் நின்றாள். இந்திராதேவி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்குக் கடக்கரைக்கு வரீங்களா?"

"துணி மடிக்கணும்."

"நான் மடிச்சுட்டேன்."

"மடிச்சிட்டியா?" அம்மா அடுத்த காரணத்தைத் தேடுவது முதுகிலேயே தெரிந்தது. "கால் வேற ஒரு மாதிரியா இருக்கு..."

"கடலப் பாக்க வேணாம்மா."

பாத்திரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

"ரெண்டு பெஞ்ச திருப்பிப் போட்டிருக்கோம். உக்காந்தா கடல் பின்னால போயிடும். அன்னைக்கு எப்படி வந்தீங்களோ அப்படியே இருக்கலாம். திரும்பவே வேணாம். புள்ளைங்க வெளையாடுறதப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கலாம்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்திராதேவி குழாயை மூட மறந்துவிட்டார்.

"கடக்கரையில கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எவனாச்சும் பெஞ்சு போடுவானா?"

"எவனும் போட மாட்டான். நான் போட்டேன்."

"ஆபீஸ்ல சிரிக்கல?"

"சிரிச்சாங்க."

"சிரிக்கத்தான் செய்வாங்க." குழாயை மூடிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் மெல்லத் துடைத்தார். "உங்கப்பா பாத்திருந்தா இன்னும் சத்தமா சிரிச்சிருப்பாரு."

அப்பாவைப் பற்றி அம்மா தாமாக ஒரு வார்த்தை பேசி எவ்வளவு காலமாயிற்று! அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. அரிசித் தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உறங்கி எழுந்த தேவமலரை வடை வாசனை வரவேற்றது. வெளியே வந்து பார்த்தால், இந்திராதேவி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, தூக்குச்சட்டியை மூடி நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வெயில் இறங்கிடுச்சு," என்றார், யாரோ தம்மை நெடுநேரம் காக்கவைத்துவிட்டதைப் போல. "கெளம்பலையா நீ?"

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அம்மா மகளின் முதுகில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். சாலையைக் கடந்து புல்தரையில் இறங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. இருக்கை கடலுக்கு முதுகு காட்டினாலும், அதை அடைய வேண்டுமானால் கடலை நோக்கித்தானே நடந்தாக வேண்டும்? தேவமலர் இதை யோசித்திருக்கவில்லை. அம்மா யோசித்திருந்தார். தூக்குச்சட்டியின் மூடியில் பார்வையைப் பதித்துக்கொண்டு மகளின் முழங்கையைப் பற்றினார்.

"படி எதுவும் இருக்கா?"

"இல்லம்மா, புல்லுதான்."

"இப்ப?"

"இப்பவும் புல்லுதான். அவ்ளோதான், வந்துட்டோம். திரும்பி உக்காருங்க."

இந்திராதேவி திரும்பி உட்கார்ந்தார். மருத்துவமனையில் தம் எண்ணை அழைக்கக் காத்திருப்பவர்போல, சாய்மானத்தில் சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னாலிருந்து வந்த காற்று அவருடைய நரைத்த முடியைக் கன்னத்துக்குத் தள்ளியது. அலைகள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகும் ஓசை மிக அருகில் கேட்டது. சேலை முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே மலாய்ச் சிறுமிகள் இருவர் ஊஞ்சலில் போட்டி போட்டு உயர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஊஞ்சல் ஆளில்லாமல் காற்றில் அசைந்தது.

சாலைக்கு அப்பால் லோங்காங் சுவரில் கச்சான் தின்ற கைகள் அப்படியே நின்றுவிட்டன. எல்லார் பார்வையும் இந்தப் பக்கம்தான்.

அம்மாவின் கண்ணிலும் அது பட்டது. "அது நம்ம ஷாந்தினிதானே? ஏன் அங்க குந்தியிருக்கு?"

தேவமலர் பதில் சொல்வதற்குள், இந்திராதேவி சிற்றுண்டிச்சாலையில் பள்ளிப் பிள்ளைகளை அதட்டி அழைக்கும் அதே குரலில், "ஏம்மா ஷாந்தினி! வடை ஆறுது! வாம்மா!" என்று கையசைத்தார்.

பெரியவர் கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா? ஷாந்தினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். புல்தரையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றலாமா என்றுகூட ஒரு கணம் நின்றாள். பிறகு போட்டபடியே வந்தாள். தேவிஸ்ரீக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு வடையைக் கையிலும் ஒரு வடையை வாயிலும் வைத்துக்கொண்டு மூன்றாவது ஊஞ்சலில் ஏறிவிட்டாள்.

லோங்காங் சுவரிலிருந்து பெத்தம்மாள் அக்காவின் குரல் உரக்கக் கேட்டது. தோட்டத்தில் அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. "அட, இந்திராவே போயி உக்காந்துடுச்சு! புருசனக் குடுத்ததே அங்க உக்காந்திருக்கு, நமக்கு என்ன லா வந்துச்சு? எந்திரிங்க!"

ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். யுகேந்திரன் மீதிக் கச்சானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து, மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தான். "காத்து பரவால்ல," என்று அறிவித்தான். பெத்தம்மாள் அக்கா படிக்கட்டின் பக்கம் திரும்பி ஒருமுறை கைகூப்பிவிட்டு வந்து, "தள்ளி உக்காருங்கடி," என்று நடுவில் இடம் பிடித்தார். பேச்சு எழுந்தது. ஒரு குழந்தை விழுந்தது, அழுதது, மறுபடி ஓடியது. தூக்குச்சட்டி கைமாறிக் கைமாறிக் காலியாயிற்று. இதற்கிடையே எப்போது என்று தெரியவில்லை, இந்திராதேவி சாய்மானத்தில் சாய்ந்திருந்தார்.

"பாட்டி! பாட்டி!" ஊஞ்சலின் உச்சியிலிருந்து தேவிஸ்ரீ கத்தினாள். "உங்களுக்குப் பின்னால கப்பல் போவுது! பெருசா!"

ஷாந்தினி மகளைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஊஞ்சலில் பறக்கும் குழந்தைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"திரும்பிப் பாருங்க பாட்டி!"

இந்திராதேவி திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கிச் சாய்மானத்தின் மேல் போட்டார். விரல்கள் கடலின் பக்கம் தொங்கின. காற்று அவற்றைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

"நீயே பாத்துச் சொல்லேன். என்ன கலரு?"

"செவப்பு! கீழ செவப்பு, மேல வெள்ள!"

"எந்தப் பக்கம் போவுது?"

தேவிஸ்ரீ ஒரு கையை விட்டுவிட்டுத் தெற்கே காட்டினாள். "அந்தப் பக்கம்!"

"அப்ப சிங்கப்பூருக்குத்தான்." அம்மாவின் உதட்டோரத்தில், தேவமலர் வெகுநாளாகப் பார்க்காத ஒரு மடிப்பு விழுந்திருந்தது. "உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"என்ன இருக்கு?"

"முழுக்க வெங்காயம்."

தேவமலர் சட்டென்று குனிந்து, காலியான தூக்குச்சட்டிக்கு மூடி போடத் தொடங்கினாள். ஏனோ அது பொருந்த மறுத்தது.

ஊஞ்சல் கீழே வந்து மறுபடி மேலேறியது. தேவிஸ்ரீ கப்பலைப் பார்த்தாள். பிறகு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டியை ஐயத்தோடு பார்த்தாள்.

"பொய்யி! நீங்கதான் பாக்கவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தவரு சொல்லியிருக்காரு," என்றார் இந்திராதேவி.